எஃப்.இ.டி.யை மாற்றுவதற்கு முன்னால்

வண்டி ஆடியோ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பி ஒலியைப் பெருக்கும் பெட்டி) பற்றியவை. திண்டுக்கல் வாசகருக்கு மட்டும் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அவர் சொல்லும் அதே கோளாறோடு என் மேஜைக்கு வரும் போர்டுகள் அதிகம். அவற்றில் பல, முதல் தடவை மூடியைக் கழற்றியபோதே சரியாகியிருக்க வேண்டியவை.

ஐயா, என் காரில் சப் ஊஃபருக்கு மோனோ கிளாஸ் டி ஆம்ப் இருக்கிறது. 2 ஓம் வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. இரட்டைக் காயில் (4 ஓம் + 4 ஓம்) சப் ஊஃபர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது; தீபாவளிக்கு அதே போல இன்னொன்று வாங்கிச் சேர்த்தேன். சில வாரம் கழித்து ப்யூஸ் போனது. கடையில் சப்ளை பக்க எஃப்.இ.டி. (மின்சாரத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் என்று மாற்றிக் கொடுத்தார்கள். வண்டியில் மாட்டி செட்டை (பாட்டுப் பெட்டியை) போட்டதும் புகை. திரும்பவும் மாற்றினார்கள், திரும்பவும் புகை. போர்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
*– வாசகர், திண்டுக்கல்*

போட வேண்டாம். போர்டு கருகி, தாமிரத் தடங்கள் உரிந்து போயிருந்தால் தவிர, இந்த ஆம்ப் பிழைக்கும்.

உங்கள் பெட்டிக்குள் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன. முதலாவது, பேட்டரியின் 12 வோல்ட்டை வாங்கி, வளையமான டிரான்ஸ்ஃபார்மர் வழியாக பிளஸ் 70, மைனஸ் 70 என்பது போல இரண்டு ரெயில்களாக (வோல்ட் லைன்களாக) ஏற்றித் தரும் சப்ளை. இரண்டாவது, அந்த ரெயில்களை வேகமாக வெட்டி வெட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பும் அவுட்புட். இரண்டிலும் எஃப்.இ.டி.கள் உண்டு. சப்ளை பக்க எஃப்.இ.டி. சாவதற்கு அவுட்புட்டில் உள்ள ஷார்ட் காரணமாகலாம். அல்லது அந்த எஃப்.இ.டி.யைத் திறந்து மூடும் காலான கேட்டுக்கு வரும் சிக்னல் (டிரைவ்) கெட்டிருக்கலாம். அந்தக் கடையில் செத்ததை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். ஏன் செத்தது என்று யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் புதிதாக மாட்டியவையும் போயின.

போர்டை மேஜைக்குக் கொண்டுவாருங்கள். முதல் வேலை, ரெயில் கெப்பாசிட்டர்களை 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வைத்துக் காலி செய்வது. இரண்டு ரெயிலுக்கும் இடையில் 140 வோல்ட் நிற்கலாம். 12 வோல்ட் வண்டிச் சாமான்தானே என்று கை வைக்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கமும் வேண்டாம்.

பிறகு சப்ளை பக்க எஃப்.இ.டி. எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஷார்ட் ஆனதை மட்டும் எடுத்தால் போதாது, எல்லாவற்றையும். இப்போது கேட் ரெசிஸ்டர்களைப் பாருங்கள். எஃப்.இ.டி.யின் இடது காலுக்குப் பக்கத்தில் எள்ளை விடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக உட்கார்ந்திருக்கும். மேலே 470 என்று எழுதியிருந்தால் அது 47 ஓம். கடைசி எண் எத்தனை சைபர் என்பதைக் குறிக்கிறது, அது இங்கே சைபரே இல்லை என்கிறது. எஃப்.இ.டி. உள்ளே உடையும்போது டிரெயினில் (கரண்ட் உள்ளே வரும் காலில்) உள்ள மின்சாரம் கேட் வழியாகத் திரும்பிப் பாய்ந்து இந்த ரெசிஸ்டரையும், அதற்குப் பின்னால் இருக்கும் சின்ன டிரைவர் டிரான்சிஸ்டரையும் சேர்த்து அடிக்கிறது. வெளியே பார்த்தால் ரெசிஸ்டரில் ஒரு கீறல் கூட இருக்காது. மீட்டர் வைத்தால்தான் ஓப்பன் (உள்ளே அறுந்தது) என்று தெரியும். ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். ஒன்று ஓப்பனாக இருந்தாலும் அந்தக் கேட் அந்தரத்தில் தொங்கும். அதில் மாட்டும் புது எஃப்.இ.டி. அரைகுறையாகத் திறந்து வெந்துபோகும்.

எஃப்.இ.டி. இல்லாமலே போர்டுக்கு 12 வோல்ட் கொடுங்கள், ஆனால் நேரடியாக அல்ல. வீட்டு வயரிங் பார்ப்பவர்கள் சீரியஸ் பல்ப் வைப்பார்களே, அதே வேலைக்கு இங்கே 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. பிளஸ் லைனில் சேர்த்துவிட்டால், எவ்வளவு பெரிய ஷார்ட் இருந்தாலும் 2 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் முனைக்கும் 12 வோல்ட் கொடுத்து, எஃப்.இ.டி. இருந்த இடத்தில் ஒவ்வொரு கேட்டிலும் டி.சி. வோல்ட் பாருங்கள். சப்ளை ஐ.சி. டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பக்க எஃப்.இ.டி.களையும் மாறி மாறி, பாதிக்குச் சற்றுக் குறைவான நேரம் திறக்கிறது. அதனால் சாதாரண மீட்டரில் சராசரியாக 4 முதல் 5.5 வோல்ட் காட்டும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 5, மறுபக்கம் அசையாமல் 11 என்று நின்றால், திருடன் அகப்பட்டான். அந்தப் பக்கம் எந்த எஃப்.இ.டி.யை மாட்டினாலும் அது முழுதாகத் திறந்தே நிற்கும், டிரான்ஸ்ஃபார்மர் சுற்று வெறும் கம்பியாகிவிடும், ஒரு நொடியில் புகை. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு முதல் சந்தேகம் இந்த டிரைவர் டிரான்சிஸ்டர் மேல்தான்.

இரு பக்கமும் சைபர் என்றால் ஐ.சி.யைப் பாருங்கள். டி.எல்.494 என்றால் 12-ஆம் காலில் சப்ளை, 14-ஆம் காலில் 5 வோல்ட் ரெஃபரன்ஸ், 7-ஆம் கால் கிரவுண்டு. 4-ஆம் காலில் 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஐ.சி. நன்றாகத்தான் இருக்கிறது, புரொடெக்ட் (பாதுகாப்பு) சர்க்யூட் அதை அடக்கி வைத்திருக்கிறது. சில ஆம்ப்பில் எஸ்.ஜி.3525 இருக்கும். அதற்குக் கால் வரிசை வேறு, இதே எண்களை அங்கே தேடாதீர்கள்.

அடுத்து அவுட்புட். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து பிளஸ் ரெயிலுக்கும், மைனஸ் ரெயிலுக்கும் தனித்தனியே அளங்கள். பீப் அடித்தால் அந்தப் பக்க எஃப்.இ.டி. போய்விட்டது. அப்படியானால் அவுட்புட் எஃப்.இ.டி.களைக் கழற்றி வைத்துவிட்டு, சப்ளையை மட்டும் தனியே உயிர்ப்பியுங்கள். சப்ளை தனியாகச் சரியாக ஓடிய பிறகே மறுபாதியான அவுட்புட்.

அவுட்புட்டில் ஐ.ஆர்.எஸ்.2092 என்ற டிரைவர் ஐ.சி. இருக்கும் ஆம்ப்களில் பலர் இடறும் ஓர் இடம் உண்டு. அதன் கீழ்ப்பக்க டிரைவருக்கு 12 வோல்ட் வேண்டும், ஆனால் அந்த 12 வோல்ட் மைனஸ் ரெயிலின் மேல் ஏறி நிற்கிறது. மீட்டரின் கறுப்பு முனையைப் பாடியில் வைத்தால் மைனஸ் 58 என்று காட்டும், உடனே ஐ.சி. அவுட் என்று மாற்றிவிடுகிறார்கள். கறுப்பு முனையை மைனஸ் ரெயிலில் வைத்து அளங்கள். 12 வோல்ட்டை ஒட்டி வந்தால் அந்தச் சப்ளை சரி. மேல் எஃப்.இ.டி.க்கு டிரைவ் வரவில்லை என்றால், அதற்கு மின்சாரம் சேர்த்து வைக்கும் சின்ன பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டரையும் அதன் டயோடையும் பார்த்துவிட்டுத்தான் ஐ.சி.யிடம் போக வேண்டும்.

எஃப்.இ.டி. வாங்கும்போது சப்ளையின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நம்பர், ஒரே பேட்ச். நாலில் ஒன்றுதான் போனது, மூன்று நன்றாக இருக்கிறது என்று சிக்கனம் பார்க்காதீர்கள். அந்த மூன்றும் அடி வாங்கியவை. சென்னை ரிச்சி தெருவில் நல்ல சரக்கும் கிடைக்கிறது, மேலே நம்பரைத் தேய்த்து மாற்றி எழுதியதும் கிடைக்கிறது. இப்போது எல்லோரிடமும் இருக்கும் டிரான்சிஸ்டர் டெஸ்டரில் வைத்துப் பாருங்கள். ஐ.ஆர்.எஃப்.3205 என்றால் கேட் கெப்பாசிட்டன்ஸ் 3 நானோஃபாரடுக்கு மேல் காட்ட வேண்டும். 1 நானோஃபாரடு காட்டினால் உள்ளே இருப்பது வேறு ஏதோ சின்ன சில்லு. காசைத் திரும்பக் கேளுங்கள். ஐ.ஆர்.எஃப். வரிசையைச் செய்துவந்த இன்டர்நேஷனல் ரெக்டிஃபயரை 2015 ஜனவரியில் ஜெர்மனியின் இன்ஃபினியன் வாங்கிவிட்டது. டேட்டா ஷீட்டை அங்கே தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மாட்டும்போது மைக்காவை (மின்சாரம் கடத்தாத மெல்லிய தகடு) புதிதாகப் போடுங்கள். அலுமினியத்தில் ஊசிமுனை அளவு பிசிறு இருந்தாலும் மைக்காவைக் குத்தி, எஃப்.இ.டி.யின் முதுகை பாடியோடு சேர்த்துவிடும். இறுக்கிய பிறகு முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் பீப் வரக்கூடாது. ஹீட் சிங்க்கில் இறுக்காமல் 'சும்மா ஒரு செகண்ட் பார்ப்போம்' என்று ஆன் செய்யவே கூடாது. அந்த ஒரு செகண்ட் போதும்.

இப்போது திரும்பவும் இண்டிகேட்டர் பல்பு. ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்து மங்க வேண்டும். கெப்பாசிட்டர்கள் நிறைவதுதான் அந்தப் பளிச். மங்காமல் எரிந்தால் உடனே நிறுத்துங்கள், எங்கோ ஷார்ட் மிச்சம் இருக்கிறது, ஆனால் ஓர் எஃப்.இ.டி. கூடச் செலவாகவில்லை. மங்கினால் அடுத்து ஹெட்லைட் பல்பு, அடுத்து 10 ஆம்பியர் ப்யூஸ். ஸ்பீக்கர் மாட்டும் முன் இரண்டு ஸ்பீக்கர் டெர்மினலுக்கும் இடையில் டி.சி. அளங்கள். 100 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம்.

இனி, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன தீபாவளி சப் ஊஃபர். முதல் மரணத்துக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சப் ஊஃபரில் இரண்டு 4 ஓம் காயிலைப் பேரலலாகக் கொடுத்தால் 2 ஓம், ஆம்ப்பின் எல்லைக்குள் இருந்தது. இரண்டாவதையும் அதே மாதிரி சேர்த்ததும் 1 ஓம் ஆகிவிட்டது. நான்கு 4 ஓம் காயிலை எப்படிச் சேர்த்தாலும் எல்லாவற்றிலும் சம பாரம் விழும் வழிகளில் 1, 4, 16 ஓம்தான் கிடைக்கும், 2 கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு சப் ஊஃபரின் காயில்களையும் சீரியஸில் போட்டு 8 ஓம் ஆக்கி, இரண்டையும் பேரலல் செய்து 4 ஓமில் ஓட்டுங்கள். பவர் பாதியாகுமே என்று கவலை வேண்டாம். தள்ளும் கூம்பு இரண்டாகிவிட்டதால் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பழையதேதான், ஆம்ப்பும் சூடில்லாமல் ஓடும்.

எங்களுடையது டூரிஸ்ட் பஸ். ஆம்ப்புக்கு இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தோம். பேட்டரி மாற்றும்போது ஒருவர் தெரியாமல் 24 வோல்ட்டில் கொடுத்துவிட்டார், ஆம்ப் வெடித்துவிட்டது. இதைச் சரி செய்ய முடியுமா? இனி எப்படி லைன் எடுப்பது?
*– பஸ் உரிமையாளர், பொள்ளாச்சி*

வெடித்தது பெரும்பாலும் வாசலில் நிற்கும் இன்புட் கெப்பாசிட்டர்கள். 16 வோல்ட், 25 வோல்ட் என்று மேலே எழுதியிருக்கும். பஸ் ஓடும்போது லைனில் 28 வோல்ட். அதோடு சப்ளை எஃப்.இ.டி.யும் போயிருக்கும். இந்த வகை சப்ளையில் ஒரு பக்கம் திறக்கும்போது மூடியிருக்கும் மறுபக்கத்தின் டிரெயினில் சப்ளையைப் போல இரு மடங்கு வோல்ட் ஏறும். காரில் 14.4 வோல்ட் என்றால் 29, அதற்கு மேல் கொஞ்சம் துள்ளல். 55 வோல்ட் எஃப்.இ.டி. நிம்மதியாகத் தாங்கும். 28 வோல்ட்டில் 56. துள்ளலைச் சேர்க்காமலே எல்லை தாண்டிவிட்டது. ரெயில் வோல்ட்டை நிலையாகப் பிடிக்கும் ரெகுலேஷன் இல்லாத ஆம்ப் என்றால் ரெயில்களும் இரட்டிப்பாகி, அந்தப் பக்கக் கெப்பாசிட்டர்களும் அவுட்புட்டும் சேர்ந்து போயிருக்கும். டி.எல்.494 தப்பித்திருக்கலாம், அதற்கு 40 வோல்ட் வரை தாங்கும் சக்தி உண்டு. இரண்டு பாதியும் போயிருந்தால் செலவை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சப்ளை மட்டும் என்றால் தாராளமாகச் சரி செய்யலாம்.

ஆனால் எனக்கு அதிகக் கவலை, வெடிப்பதற்கு முன்னால் நீங்கள் எடுத்திருந்த லைன் பற்றித்தான். சீரியஸில் இருக்கும் இரண்டு பேட்டரியில் கீழே உள்ளதிலிருந்து மட்டும் உறிஞ்சினால், ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது. அது மொத்தம் 28 வோல்ட் வந்ததா என்று மட்டும் பார்க்கும். கீழ்ப் பேட்டரி பசியோடு கிடக்கும், மேல் பேட்டரிக்கு அளவு மீறி ஏறித் தண்ணீர் கொதித்து வற்றும். நீங்கள் பேட்டரி மாற்ற வேண்டி வந்ததே இதனால் இருக்கலாம். 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வைத்து, அதன் வெளிப்பக்கம் ஆம்ப்புக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி போடுங்கள். பாட்டில் பேஸ் அடிக்கும் கணத்துக்குத் தேவையான பெரிய கரண்டை அந்தப் பேட்டரி கொடுக்கும். சராசரிச் செலவை மட்டும் கன்வெர்ட்டர் ஈடுகட்டினால் போதும், 20 ஆம்பியர் கன்வெர்ட்டரே பல பஸ்களுக்குச் சரிவரும். அந்தப் பேட்டரியின் பிளஸ்ஸில், முனைக்குப் பக்கத்திலேயே, ப்யூஸ் கட்டாயம். பயணிகள் ஏறும் வண்டி, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். செட் 24 வோல்ட் மாடல் என்றால், அதன் ரிமோட் வயரில் எவ்வளவு வருகிறது என்று அளந்த பிறகே ஆம்ப்பில் மாட்டுங்கள்.

பெட்டியில் 5000 வாட் என்று போட்டிருக்கும் ஆம்ப் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
*– கல்லூரி மாணவர், சேலம்*

பின்னால் இருக்கும் ப்யூஸைப் பாருங்கள். ஒரே ஒரு 40 ஆம்பியர் ப்யூஸ் என்றால் 40 × 14 = 560 வாட்தான் உள்ளேயே போக முடியும். கிளாஸ் டி-யில் அதில் 80 சதவீதம் வெளியே வந்தால் 450 வாட் அளவு. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் இதுதான் கணக்கு. 450 வாட் ஆம்ப்புக்கு அந்த விலை நியாயம் என்றால் வாங்குங்கள்.

பேஸ் ஏற்றினால் சிவப்பு லைட் வந்து ஆம்ப் அணைந்துவிடுகிறது. ஆஃப் செய்து போட்டால் திரும்ப வேலை செய்கிறது. சத்தம் குறைவாக இருந்தால் தொந்தரவே இல்லை. ஆம்ப்பில் கோளாறா?
*– வாசகர், நாகர்கோவில்*

ஆம்ப்பைத் திறக்காதீர்கள். அது தன் கடமையைச் செய்கிறது. பேஸ் அடிக்கும்போது ஆம்ப்பின் டெர்மினலிலேயே வோல்ட் பாருங்கள். பேட்டரியில் பார்த்துப் பயனில்லை. 10 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் பல ஆம்ப்கள் தாமே அணைந்துவிடும்.

எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில், சிவப்பு முனையை ஆம்ப்பின் எர்த் டெர்மினலில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். 0.1, 0.2 வோல்ட் பரவாயில்லை. அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் எர்த் சரியில்லை. பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளபளக்கும் இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அது அவசியம். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் எடுக்காதீர்கள்.

எர்த் நன்றாக இருந்தால் வயர். 4 கேஜ் சுத்தத் தாமிரம் என்றால் 5 மீட்டரில், 100 ஆம்பியருக்கு 0.4 வோல்ட் விழும். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய வயர் என்றால் 0.65 வோல்ட் அளவு. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். விற்பவர் தாமிரம் என்று சத்தியம் செய்தாலும் பிளேடு பொய் சொல்லாது.

இஞ்சின் ஓடும்போது ஸ்பீக்கரில் 'ஊ…' என்ற சத்தம். ஆக்ஸிலேட்டர் மிதித்தால் அதுவும் ஏறுகிறது. ஆம்ப்பை மாற்றியும் போகவில்லை.
*– டாக்ஸி ஓட்டுநர், மதுரை*

அண்ணே, ஆம்ப்பை மாற்றும் முன்னால் இதைச் செய்திருந்தால் காசு மிச்சம். செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளுக்குரிய பிளக் ஒன்றில் நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து ஈயம் வையுங்கள். ஆம்ப்பிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றிவிட்டு, இந்த பிளக்கைச் சொருகுங்கள். சத்தம் நின்றால் ஆம்ப் நிரபராதி. செட்டிலிருந்தோ கேபிளிலிருந்தோ வருகிறது. அடுத்து, செட்டின் ஆர்.சி.ஏ. வெளி வளையத்துக்கும் செட்டின் தகர உடம்புக்கும் இடையே ஓம் பாருங்கள். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். ஓப்பன் என்றால் செட்டுக்குள் இருக்கும் மெல்லிய எர்த் தடமோ குட்டி ப்யூஸோ எரிந்திருக்கிறது. ஆம்ப்பின் எர்த் தளர்ந்திருக்கும்போது மொத்தக் கரண்டும் ஆர்.சி.ஏ. வழியாகத் திரும்ப ஓடினால் இப்படி ஆகும். ஆர்.சி.ஏ.வைக் கழற்றுமுன் பேட்டரி மைனஸைக் கழற்றும் பழக்கம் இதற்காகத்தான். செட்டைத் திறந்து அந்தத் தடத்தை ஒரு கம்பியால் சேர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், சின்ன வேலைதான்.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படிக்கிறேன். ஆம்ப் சர்வீஸ் கற்றுக்கொள்ள ஆசை. கையில் பணம் குறைவு. முதலில் என்ன வாங்க வேண்டும்?
*– மாணவி, விழுப்புரம்*

உங்கள் கடிதம் வந்ததில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி, தங்கச்சி. இந்தத் தொழிலுக்குப் பொறுமையோடு அளக்கிற கை வேண்டும், அப்படிப்பட்டவர்கள் போதவில்லை.

முதலில் டயோடு நிலையும் கெப்பாசிட்டன்ஸும் உள்ள நல்ல மல்டிமீட்டர். அடுத்து 60 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்ன். ஆம்ப் போர்டின் தடித்த தாமிரம் 25 வாட் அயர்னின் சூட்டை அப்படியே குடித்துவிடும், நீங்கள் அழுத்த அழுத்தத் தடம் உரியும். 63/37 ஈயம், ஃப்ளக்ஸ், உறிஞ்சும் பம்ப், மேலே சொன்ன பல்புகள், 100 ஓம் ரெசிஸ்டர். இவ்வளவில் பாதிக்கு மேற்பட்ட ஆம்ப்களைப் பார்த்துவிடலாம்.

ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) பிறகு. பொம்மை மாதிரி விலையில் கிடைக்கும் 200 கிலோஹெர்ட்ஸ் கிட்டுகளை இதற்கென்று வாங்காதீர்கள். அவுட்புட் 100 கிலோஹெர்ட்ஸில் வெட்டினாலும், ஒரு எஃப்.இ.டி. மூடி மற்றது திறக்கும் இடைவெளி நூறு கோடியில் ஒரு பங்கு நொடிக் கணக்கில், சில பத்துகளில் இருக்கிறது. அந்த ஸ்கோப்பில் ஓரங்கள் எல்லாம் மழுங்கித் தெரியும், கோளாறு அதிலேயே ஒளிந்துகொள்ளும். பழைய 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் செகண்ட் ஹேண்டில் வந்தால் அது எவ்வளவோ மேல்.

ஸ்கோப் வந்த பிறகு ஒன்றை மறக்காதீர்கள். அதன் எர்த் கிளிப் வீட்டு எர்த்தோடு சேர்ந்தது. ஃபுல் பிரிட்ஜ் ஆம்ப்பில் இரண்டு ஸ்பீக்கர் டெர்மினலும் உயிருள்ளவை. கிளிப்பை அதில் கவ்வ வைத்தால் அவுட்புட் அந்த நொடியே போகும். கிளிப்பை ஆம்ப்பின் கிரவுண்டில் வைத்து, இரண்டு புரோபால் இரண்டு டெர்மினலையும் தனித்தனியே பாருங்கள்.

பழகுவதற்கு வேலை செய்யும் ஆம்ப்பைத் திறக்க வேண்டாம். கார் ஆடியோ கடைகளில் 'முடியாது' என்று ஒதுக்கிய போர்டுகள் மூலையில் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒன்றை வாங்கி, ஒரு எஃப்.இ.டி.யைக் கூட மாற்றாமல், கேட் ரெசிஸ்டர் முதல் ரெயில் கெப்பாசிட்டர் வரை எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எது முதலில் செத்தது, எது அதனால் செத்தது என்று அந்தப் போர்டைப் பற்றி அடுத்த இதழில் இருவருமாகப் பேசுவோம்.